கொழும்பில் இறங்கிய வைத்தியர்

1995 இடப்பெயர்வின்போது எங்கள் வீட்டுச் சாமான்களோடு தென்மராட்சிக்குப் போனவற்றில் கல்லூரி நூலகப் புத்தகம் ஒன்றும் இருந்தது. மொஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகம். அன்ரன் செக்கோவின் கதைகள். ஜாம் போத்தல் விளக்கில் அதை வாசித்த உயர்தர மாணவிக்கு, எழுதியவர் ஒரு வைத்தியர் என்பது தெரியாது. தெரிந்திருந்தால், மருத்துவ பீட அனுமதி வந்த கையோடு என் கதைக் கொப்பிகளைக் கட்டி மூலையில் போட்டிருக்க மாட்டேனோ என்னவோ.

செக்கோவ் 1879 இல் மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். தகப்பனாரின் கடை முறிந்து குடும்பம் வறுமையில் இருந்தது. நகைச்சுவைப் பத்திரிகைகளுக்குப் புனைபெயரில் குட்டிக் கதைகள் எழுதினார். வரிக்கு இவ்வளவு என்று கிடைத்த காசில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. 1884 இல் வைத்தியரானார். உத்தியோகம் சோறு போடும், கலை மனத்துக்கு என்று நாம் போடும் கணக்கு அவரிடம் தலைகீழ். சோறு போட்டது எழுத்து. வைத்தியமோ, பெரும்பாலும் காசு வாங்காமல் செய்தது. மருத்துவத்தை முறையான மனைவிக்கும் இலக்கியத்தை மற்றவளுக்கும் ஒப்பிட்டு அவர் விட்ட பகிடி பிரசித்தம். பெண்களாகிய எங்களுக்கு அது அவ்வளவு ருசிக்காது, போகட்டும்.

1890 இல், பெயரும் புகழும் வந்துவிட்ட நேரத்தில், சைபீரியாவைக் கடந்து சகலின் தீவுக்குப் போனார். அங்கே கைதிகள் குடியேற்றப்பட்டிருந்தார்கள். மூன்று மாதம் வீடு வீடாகச் சென்று, ஏறத்தாழ 10,000 பேரின் விபரங்களை அட்டைகளில் பதிந்தார். சமுதாய மருத்துவம் படித்தவர்களுக்கு இந்த வேலையின் பாரம் விளங்கும்.

திரும்பும் வழியில்தான் எங்கள் பக்கம் வந்தார். கப்பல் நவம்பரில் கொழும்பில் தரித்தது. புகையிரதத்தில் கண்டிவரை போய் வந்தார். இலங்கையைச் சொர்க்கம் என்று எழுதினார். இங்கிருந்து கீரிகளையும் கொண்டுபோனார். அந்தப் பயணத்தில், கப்பலில் இறந்தவர்களைத் துணியில் சுற்றிக் கடலில் இறக்கியதைக் கண்டிருந்தார். அதிலிருந்து பிறந்தது ‘கூசெவ்’ என்ற கதை. ஊர் திரும்பும் படைவீரன் ஒருவன் கப்பல் நோயாளர் அறையில் சயரோகத்தால் இறந்து, கடலுக்குள் போகிறான். கதை இலங்கையில் கருக்கொண்டது, விரும்பினால் அடியில் கொழும்பு என்று போடலாம் எனப் பதிப்பாளருக்கு எழுதினார்.

இதை எழுதும்போது அவருக்கே இருமலில் இரத்தம் வந்துகொண்டிருந்தது. முதல் தடவை வந்தது 1884 இல், வைத்தியரான அதே ஆண்டில். 1897 இல் பெருமளவு இரத்தம் போய் வைத்தியசாலையில் படுக்கும்வரை முறையான பரிசோதனைக்கு இணங்கவில்லை. பிறருடைய நெஞ்சைத் தட்டிப் பார்த்தவர், தன் நெஞ்சைக் கொடுக்கவில்லை. இரண்டு வேலைக்கும் இடையில் தனக்கென ஒரு மணித்தியாலம் வைக்காத அந்தப் பிடிவாதத்தை என்னால் மெச்ச முடியவில்லை. ஆனால் விடுதியில் தினமும் அதே ரகத்தவர்களைக் காண்கிறேன், அவர்களில் பாதிப்பேர் வைத்தியர்கள்.

அந்த இடைக்காலத்தில் செய்தவையோ கொஞ்சமல்ல. 1892 இல் மெலிகோவோ என்ற கிராமத்தில் குடியேறினார். கொலரா பரவியபோது 25 கிராமங்களைச் சம்பளமில்லாமல் பொறுப்பெடுத்தார். மாதக்கணக்கில் எழுத முடியவில்லை என்று கடிதங்களில் சலித்துக்கொண்டார். அதே ஆண்டில்தான் ‘ஆறாம் வார்ட்’ வெளிவந்தது. அந்த வைத்தியசாலையின் நாற்றத்தை உள்ளே வேலை செய்யாத ஒருவர் எழுதியிருக்க ஏலாது.

எங்கள் மண்ணிலும் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராக இருந்த சிவஞானசுந்தரம்தான், ‘மலைக்கொழுந்து’ நாவலை எழுதிய நந்தி. தோட்டத் தொழிலாளரின் வாழ்வை அவரால் அப்படி எழுத முடிந்ததில் வைத்தியருக்கும் பங்குண்டு.

செக்கோவ் 1904 இல் இறந்தபோது வயது 44. அந்த வயதை நான் கடந்துவிட்டேன். போன வருடம் ஒரு கொப்பி வாங்கினேன். இரவுக் கடமையில்லாத நாட்களில் அரைப் பக்கம், சில வேளை அதுவுமில்லை.

செக்கோவ் புத்தகம் இன்னமும் என்னிடந்தான் இருக்கிறது. அட்டை போய்விட்டது, கல்லூரி முத்திரை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. நூற்றாண்டு விழாவுக்கு வரும்போது நூலகத்தில் ஒப்படைக்கிறேன். தண்டப்பணம் எவ்வளவென்று யாராவது கணக்குப் பார்த்து வையுங்கள்.