பூலோன் மேசையில் பிரிக்கப்பட்டவை: முதல் உலகப்போரில் இந்தியச் சிப்பாய் மனைவிக்கு எழுதிய கடிதங்கள்

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு போட்ட கதை நமக்குத் தெரியும். அதற்கு நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 26 அன்று, லாகூர் டிவிஷனின் சிப்பாய்கள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். எம்டன் நம் பேச்சில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. மார்செயில் இறங்கியவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களோ லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களுக்கிடையே, தட்டச்சு செய்த ஆங்கிலத் தாள்களாகக் கிடக்கின்றன. அவற்றிலிருந்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களைத் தேர்ந்து டேவிட் ஒமிஸ்ஸி 1999இல் ஒரு நூலாக வெளியிட்ட பிறகுதான் ஆய்வாளர்கள் பரவலாக அவற்றின் பக்கம் திரும்பினார்கள்.

அந்தத் திரளில் ஒரு சிறு பகுதிதான் இக்கட்டுரையின் பொருள்: சிப்பாய் தன் மனைவிக்கு எழுதியவை, அல்லது மனைவியை மனத்தில் வைத்து வேறு யாருக்கோ எழுதியவை. இந்த இரண்டாவது வகையைச் சேர்க்காமல் முதலாவதைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து. மேலை நாட்டுப் போர்க்கால இலக்கியம் பதுங்குகுழியில் உட்கார்ந்து மனைவிக்கு மனம் திறக்கும் கணவனை நமக்குப் பழக்கப்படுத்திவிட்டது. பஞ்சாபிலிருந்தும் கர்வாலிலிருந்தும் போன சிப்பாய்க்கு அப்படியொரு கடித மரபு கையில் இல்லை. அது போர் நடந்த ஆண்டுகளிலேயே, பல கைகளைத் தாண்டி, தட்டுத்தடுமாறி உருவானது.

எண்களிலிருந்து தொடங்கலாம். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆயிரம் ஆண்களில் 106 பேருக்கும், ஆயிரம் பெண்களில் 10 பேருக்குமே எழுதப் படிக்கத் தெரியும். பட்டாளத்துக்கு ஆள் எடுத்த கிராமங்களில் நிலைமை இதைவிட மேலாக இருந்திருக்க வழியில்லை. மாதம் 11 ரூபாய் சம்பளத்துக்குப் போன சிப்பாய் சொல்லச் சொல்ல, எழுதத் தெரிந்த இன்னொருவர் எழுதினார். ஊரில் கடிதம் போய்ச் சேர்ந்ததும் பள்ளி வாத்தியாரோ தபால்காரரோ எழுத்தறிந்த உறவினரோ உரக்கப் படித்துச் சொன்னார்கள். முற்றத்தில் மாமனார், கொழுந்தன், அக்கம்பக்கத்தார் எல்லோரும் இருப்பார்கள். அந்தக் கூட்டத்தின் முன்னால் மனைவிக்கென்று என்ன சொல்ல முடியும்?

அதனால்தான் கடிதங்கள் பெரும்பாலும் அப்பாவுக்கும் அண்ணன் தம்பிக்கும் ஊர் நண்பருக்கும் போயின. மனைவி அதில் ஒரு வரியாக வருவாள்: அவளுக்குப் பணம் கொடுத்தீர்களா, அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினீர்களா, குழந்தை எப்படி இருக்கிறது. இதை அன்பின் குறைவாகப் படிப்பது தவறு. நம் ஊரிலும் பழைய கடிதங்களைப் புரட்டியவர்களுக்கு 'உபயகுசலோபரி' தெரிந்திருக்கும். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எழுதியவர் சொல்ல நினைத்தும் சொல்லாமல் விட்ட எத்தனையோ அடங்கியிருக்கும். பஞ்சாபிக் கடிதத்தின் தொடக்கத்தில் வரும் நீண்ட நல விசாரிப்புக்கும் இதே வேலைதான். யார் யாரை எந்த வரிசையில் விசாரிக்கிறான் என்பதைப் பார்த்தாலே வீட்டில் அவன் யாரை எண்ணிக் கவலைப்படுகிறான் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

எழுத்தருக்கும் படித்துச் சொல்பவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர் அரசாங்கத்தின் ஆள்.

1913இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் தோன்றிய கதர் இயக்கத்தின் துண்டறிக்கைகள் தபால் வழியாகப் பட்டாளத்துக்குள் நுழைந்துவிடும் என்ற அச்சம் பிரிட்டிஷாருக்கு இருந்தது. இந்தியத் தபாலைத் தணிக்கை செய்ய ஈ. பி. ஹோவெல் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை அமர்த்தினார்கள். பிரான்சின் பூலோனில் அவருடைய அலுவலகம் இயங்கியது. முதலில் இந்தியாவிலிருந்து வருகிற தபாலின் மீதுதான் கண். பிறகு சிப்பாய்கள் எழுதுவதும் அந்த மேசைக்கு வந்தது. 1915 மார்ச் வாக்கில் பிரான்சிலிருந்த இந்தியர்கள் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் வரை எழுதியதாக மதிப்பிடப்படுகிறது. எழுத்தறிவு அவ்வளவு குறைவாக இருந்த ஒரு கூட்டத்துக்கு இது மலைக்க வைக்கும் தொகை. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டு அத்தனையையும் படிக்க முடியாது. ஒரு பகுதியை எடுத்துப் படித்தார்கள். கவனத்துக்கு உரியது என்று தோன்றியதை ஆங்கிலத்தில் பெயர்த்து, வாரந்தோறும் அறிக்கையோடு இணைத்து லண்டன் அலுவலகங்களுக்கு அனுப்பினார்கள். ஒரு பிரதி பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் போனது.

அந்தத் தாள் ஒன்றைப் பார்ப்போம். மேலே எழுதியவர் பெயர், பதவி, படைப்பிரிவு, அடுத்து யாருக்கு, எந்த ஊருக்கு என்ற விவரம், மூலம் உருதுவா குர்முகியா இந்தியா என்ற குறிப்பு, தேதி. கீழே சில வரிகள், பல நேரம் ஒரு பத்தி மட்டும். மூலக் கடிதம் தடுக்கப்படவில்லையென்றால் உறையில் திரும்பவும் போடப்பட்டு ஊருக்குப் போய்விடும். ஆக, நம்மிடம் இருப்பது கடிதமல்ல. சிப்பாய் பஞ்சாபியில் சொல்லி, எழுத்தர் உருதுவில் எழுதி, தணிக்கை அலுவலகம் ஆங்கிலமாக்கி வெட்டி எடுத்த துண்டு. இதை வைத்துச் சிப்பாயின் நடையைப் பற்றிப் பேசுகிற ஆய்வுகள் கொஞ்சம் துணிச்சலானவைதான். இன்னொன்றும் உண்டு. தணிக்கையாளர் தேடியது ராஜவிசுவாசத்தையும் சோர்வையும். குடும்பப் பேச்சு அவருக்குப் பொருட்டல்ல. மனைவிக்கு எழுதியவை கோப்புகளில் குறைவாக இருப்பதற்குச் சிப்பாய் குறைவாக எழுதியது மட்டும் காரணமல்ல. எழுதியதில் பெரும்பகுதியை யாரும் பெயர்த்து வைக்கவில்லை.

தங்கள் கடிதம் பிரிக்கப்படுகிறது என்பது சிப்பாய்களுக்கு வெகு சீக்கிரம் தெரிந்துவிட்டது. 1915 மார்ச்சில் நியூவ் ஷாப்பேல் சண்டையில் இந்தியப் படை நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சாகவும் காயப்படவும் கொடுத்தது. அந்தக் காலத்துக் கடிதங்களில் மகாபாரதப் போர் திரும்பத் திரும்ப உவமையாக வருகிறது. அதோடு மறைபேச்சும் வளர்ந்தது. மிகப் பிரபலமானது மிளகுக் கணக்கு. கருமிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய்; கருமிளகு தீர்ந்துகொண்டே வருகிறது, சிவப்பை அவ்வளவாகச் செலவழிப்பதில்லை என்பது செய்தி. இந்தியில் இரண்டுமே 'மிர்ச்'. தமிழிலும் மிளகும் மிளகாயும் உறவுக்காரர்கள்தானே, நமக்கு விளக்கம் தேவைப்படாது. தணிக்கையாளருக்கும் தேவைப்படவில்லை.

இன்னொரு சரக்கும் கடிதங்களில் அடிபடுகிறது: சேராங்கொட்டை. வண்ணார் துணிக்குக் குறி போடுவார்களே, அதே கொட்டை. அதன் பால் பட்டால் தோல் கொப்புளித்து வீங்கும். மருத்துவமனையிலிருந்து மறுபடியும் முன்னணிக்குப் போகாமலிருக்க அதை வீட்டிலிருந்து அனுப்பச் சொன்ன கடிதங்கள் உண்டு. சம்பளமும் நலமும் மட்டுமே பேசிய கடிதத்தில் வீட்டாரைக் கூட்டாளியாக்கும் ஒரு ரகசியம் நுழைகிறது. எழுத்தரிடம் சொல்லி எழுதுவிக்கக் கூடியதல்ல அது. நம்பிக்கையான கை வேண்டும், முடிந்தால் சொந்தக் கையே வேண்டும்.

பிரிட்டிஷ் சிப்பாய்க்கும் தணிக்கை இருந்தது. அவனுடைய கடிதத்தைப் படித்தவர் அவனுடைய சொந்த அதிகாரியே. மனைவிக்கு எழுதியதை நாளை காலை அணிவகுப்பில் எதிரே நிற்கப்போகிறவர் படிக்கிறார் என்ற கூச்சம் பெரிதாகப் பேசப்பட்டது. 1915இல் பச்சை உறை வந்தது. உள்ளே குடும்ப விஷயம் மட்டுமே என்று கையெழுத்திட்டு ஒட்டிக் கொடுத்தால் படைப்பிரிவில் பிரிக்க மாட்டார்கள். பின்னால் தளத்தில் பிரிக்கலாம். லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் மரத்தாலான தபால் கூடம் உச்ச காலத்தில் வாரத்துக்கு 1.2 கோடி கடிதங்களைக் கையாண்டது. தனிமை என்பதே ஒரு சலுகையாக, அளந்து, உறையாக வழங்கப்பட்டது. இந்தியச் சிப்பாயின் தபாலுக்குத் தனி முத்திரை உண்டு: ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட இந்தியத் தபால்தலையின் மேல் கறுப்பு மையில் 'ஐ.இ.எஃப்.' என்று, இந்தியப் பயணப்படை என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தை, அச்சடித்திருப்பார்கள். தபால்தலை சேகரிப்பவர்கள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

தமிழகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி 1914 நவம்பரில் சண்டையிட்டது பிரான்சில் அல்ல, கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில். அங்கிருந்து எழுதிய கடிதம் பூலோன் மேசைக்கு வரவேயில்லை. போர்க்களத்துத் தமிழ்க் கடிதத்தை இந்தக் கோப்புகளில் தேடுவது வீண்வேலை.

திருப்பம் 1915 கடைசியில் வருகிறது. காலாட்படை டிவிஷன்கள் மெசபடோமியாவுக்குக் கிளம்பிவிட்டன. குதிரைப்படை மட்டும் 1918 வரை பிரான்சில் தங்கியது. பதுங்குகுழிச் சண்டையில் குதிரைக்கு வேலை குறைவு. மாதக்கணக்கில் கிராமங்களில், பிரெஞ்சுக்காரர் வீடுகளில் தங்கினார்கள். ஆண்கள் போருக்குப் போய்விட்ட அந்த வீடுகளில் ஏர் ஓட்டியதும் கடை நடத்தியதும் கணக்குப் பார்த்ததும் பெண்கள். வீட்டுக்கார மூதாட்டி மகனைப்போல் பார்த்துக்கொண்டாள், அம்மா என்றே கூப்பிடுகிறோம் என்று எழுதியவர்கள் பலர். அந்தப் பெண்கள் செய்தித்தாள் படித்தார்கள். முன்னணியிலிருந்த கணவனின் கடிதத்தைத் தாங்களே பிரித்துப் படித்தார்கள். வேறெதையும் தேட வேண்டாம், இந்த ஒரு காட்சியே போதும், ஊரில் தன் கடிதத்தை யார் பிரிக்கிறார்கள் என்ற கேள்வி சிப்பாய்க்கு எழ.

1916, 1917 கடிதங்களில் பெண் கல்விப் பேச்சு வெளிப்படையாக வருகிறது. மகளைப் பள்ளிக்கு அனுப்பு, வீட்டுப் பெண்களைப் படிக்க வை, நம் நாடு பின்தங்கியதற்குக் காரணமே இதுதான் என்ற தொனி. சீர்திருத்தவாதிகளின் மேடைப் பேச்சு இந்தக் குதிரைக்காரர்களின் காதுக்கு எட்டியிருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் சீர்திருத்தக் கொள்கையாக விளக்கிவிட எனக்கு விருப்பமில்லை. இதற்குள் ஒரு சுயநலமும் இருக்கிறது, நல்ல சுயநலம்: அவளுக்குப் படிக்கத் தெரிந்தால் நான் நேரே அவளிடம் பேசலாம். முகாம்களில் ஒய்.எம்.சி.ஏ. கூடாரங்கள் இலவசமாகத் தாள் கொடுத்தன, எழுதியும் கொடுத்தன. மதம் பேசக் கூடாது என்று அவர்களுக்குக் கட்டுப்பாடு. கடிதம் எழுதுவது அன்றாட வேலையாயிற்று.

இந்தக் காலத்தில் இன்னொரு இழையும் ஓடுகிறது. பிரெஞ்சுப் பெண்களோடு பழகியதைப் பெருமையடித்த கடிதங்கள் தணிக்கையாளரைக் கலங்கடித்தன. வெள்ளைக்காரப் பெண்ணின் 'மானம்' பேரரசின் மானம் அல்லவா. காயம்பட்டவர்கள் தங்கிய பிரைட்டன் அரண்மனை மருத்துவமனையில் சாதி மத வழக்கம் பார்த்து ஒன்பது சமையற்கூடங்கள் வைத்தார்கள், அதே கையோடு நோயாளிகள் ஊருக்குள் தன்னிச்சையாகத் திரியாதபடி காவலும் போட்டார்கள். ஊரிலிருந்த மனைவி இதையெல்லாம் எப்படிக் கேள்விப்பட்டாள் என்பதற்குத் தடயம் மிகக் குறைவு. பெண்கள் எழுதிய, அல்லது சொல்லி எழுதுவித்த, கடிதங்கள் கோப்புகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டுமே கிடைக்கின்றன. அவற்றில் பிரிவுத் துயரம் சுற்றி வளைக்காமல் வருகிறது, கோபமும் வருகிறது.

இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படை சுமார் 25 லட்சமாகப் பெருகியபோது கடிதம் வேறொன்றாகிவிட்டிருந்தது. கடிதத்தைப் படமெடுத்து, சுருளாக விமானத்தில் அனுப்பி, மறுகரையில் அச்சிட்டுக் கொடுக்கும் ஏர்கிராஃப் சேவையைப் பிரிட்டிஷார் 1941 ஏப்ரலில் கெய்ரோவிலிருந்து தொடங்கினார்கள். மத்திய கிழக்கிலும் தணிக்கையாளர்கள் இந்தியக் கடிதங்களைப் படித்துச் சாரம் எடுத்தார்கள். 1943இல் அந்தச் சாரங்களில் பெரிதாகத் தெரிவது அரிசி கோதுமை விலையும், வங்கப் பஞ்சமும், அனுப்பும் பணம் வீட்டுக்குப் போதவில்லை என்ற முறையீடும். வீட்டிலிருந்து போன கடிதங்களே இப்போது அதிகாரிகளுக்குக் கவலை: மனைவியின் எழுத்து பட்டாளத்தின் மனவுறுதியைக் குலைக்கும் என்று அஞ்சினார்கள். முப்பது ஆண்டுக்கு முன் அப்பாவுக்குப் போன கடிதத்தில் ஒரு வரியாக வந்தவளின் எழுத்து அது.

மறுபடியும் பூலோனுக்கே வருகிறேன். தணிக்கை மேசையில் சில கடிதங்கள் நிறுத்தப்பட்டன. அப்படிப்பட்ட பக்கங்களில் முகவரி முழுதாக இருக்கிறது: ஜில்லா, தாலுகா, தபால் நிலையம், கிராமம். கடிதம் மட்டும் அந்தக் கிராமத்துக்குப் போகவில்லை. ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட ஏழெட்டு வரிகளை லண்டனில் அதிகாரிகள் படித்தார்கள், அரண்மனையில் யாரோ படித்திருக்கலாம், நூறாண்டு கழித்து வாசக அறையில் நாம் படிக்கிறோம்.