பட்டறையில் பிறந்த மஞ்சள் கார்

இது கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாடு முடித்துவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள்.

மெக்கானிக் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் பேசினார். அவருடைய மகன் டிப்ளமோ முடித்துவிட்டு அப்பாவின் பட்டறைக்கே வருகிறேன் என்கிறானாம். "கையில கிரீஸ் பூசிக்கவா படிச்சே?" என்று வீட்டில் சண்டை. கடைசியில் அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை எழுத வைத்தது: "நாங்க அடுத்தவன் செஞ்ச வண்டியை ரிப்பேர் பண்றவங்க சார். எங்களுக்கெல்லாம் என்ன சரித்திரம் இருக்கு?"

இருக்கிறது. ராஜாக்களின் சரித்திரத்தை முப்பது வருடத்துக்கு மேல் நடத்தியவன், இன்று ஒரு ரிப்பேர் பட்டறையின் சரித்திரத்தைச் சொல்கிறேன்.

முதலில் டர்போ என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். லாரிகளிலும் கார்களிலும் அந்தச் சொல்லை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். என்ஜினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாகச் சைலன்சர் வழியே வீணாகப் போகிறது. அந்தப் புகையின் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்தால் அது சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தினால் அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டலாம், சக்தியும் கூடும். குப்பையில் போவதை எடுத்து அடுப்புக்கு ஊதுகுழலாக வைக்கிற வேலை, அவ்வளவுதான்.

இதை முதலில் யோசித்து 1905இல் காப்புரிமை கோரியவர் ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். யோசனை சரி, ஆனால் அந்தச் சூட்டையும் வேகத்தையும் தாங்கும் உலோகம் அப்போது இல்லை. 1920களின் நடுவில்தான் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் என்ஜின்களில் அது உருப்படியாக வேலை செய்தது. 1750 குதிரைத்திறன் தந்த என்ஜின் 2500 தந்தது. ஒரு யோசனை இருபது வருடம் காத்திருந்தது. இதற்கிடையில் 1918இல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்பவர் ஒரு விமான என்ஜினைச் சுமார் 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே ஏற்றிக்கொண்டு போய்ச் சோதித்தார். மேலே காற்று மெலிந்து என்ஜின் சோர்ந்துவிடும். டர்போ பொருத்தினால் அந்தச் சோர்வு நீங்குகிறது என்று அங்கே காட்டினார்.

காருக்கு இது வந்தது 1962இல். ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், ஷெவர்லே கோர்வேர் என்ற இரண்டு அமெரிக்கக் கார்கள். காற்றை அமுக்கினால் அது சூடாகும். சூடான கலவை தானாக வெடித்துப் பிஸ்டனைப் பதம் பார்த்துவிடும். இதைத் தடுக்க ஜெட்ஃபயரில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்தார்கள். வாங்கியவர்கள் பலர் அதை நிரப்ப மறந்தார்கள். கார் சீக்கிரமே சந்தையை விட்டுப் போனது. 1974இல் போர்ஷே நிறுவனம் தன் 911 காரை டர்போவோடு அறிமுகப்படுத்தியது. 3 லிட்டர் என்ஜின், 260 குதிரைத்திறன். ஆனால் அந்த வண்டிக்கு நான்கு கியர்தான். 1980களின் கடைசி வரைக்கும் அப்படியே இருந்தது.

இப்போது நம் பட்டறைக்கு வருவோம்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஃபாஃபென்ஹவுசன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1939இல் அலோயிஸ் ரூஃப் என்பவர் பொதுவான ஒரு வாகனப் பழுதுபார்ப்புக் கூடம் திறந்தார். பிறகு சொந்தமாக ஒரு சுற்றுலாப் பேருந்தும் கட்டினார். 1963இல் அந்தப் பேருந்தை அவர் ஓட்டிக்கொண்டு போகும்போது, முந்திச் சென்ற ஒரு போர்ஷே கார் கட்டுப்பாடு இழந்து உருண்டது. காயம்பட்ட ஓட்டுநருக்கு ரூஃப் உதவி செய்தார். நொறுங்கிய காரைப் பின்னர் விலைக்கு வாங்கிச் சரிசெய்தார். போர்ஷேயோடு அந்தக் குடும்பத்துக்கு உறவு தொடங்கியது அப்படித்தான்.

1974இல் அப்பா காலமானார். அதே பெயர் கொண்ட மகன் இருபத்து நான்கு வயதில் பொறுப்பேற்றார். 1977இல் போர்ஷே டர்போவின் என்ஜினை 3.3 லிட்டராகப் பெரிதாக்கிய கார் ஒன்றை வெளியிட்டார். நான்கு கியர் போதவில்லை என்று ஐந்து கியர் பெட்டியையும் உருவாக்கினார். 1981இல் ஜெர்மன் அரசு அவர்களை வாகன உற்பத்தியாளர் என்றே அங்கீகரித்தது. பெயர்ப்பலகையில் ரிப்பேர் கடை. அரசுப் பதிவேட்டில் கார் தயாரிப்பாளர்!

1987இல் வந்தது சி.டி.ஆர். என்ற கார். எடுத்துக்கொண்டது டர்போ இல்லாத 911 கரேரா. அதன் 3.2 லிட்டர் என்ஜின் தந்தது 231 குதிரைத்திறன். சிலிண்டரை அகலப்படுத்தி 3.4 லிட்டர் ஆக்கினார்கள். இரண்டு டர்போக்கள், அமுக்கிய காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர்கள், பந்தயக் காருக்கென்று போஷ் நிறுவனம் செய்த மின்னணு எரிபொருள், இக்னிஷன் அமைப்பு எல்லாம் சேர்ந்தன. 469 குதிரைத்திறன் கிடைத்தது. இரண்டு மடங்கு!

டர்போவைக் கடையில் வாங்கிப் போல்ட் போட்டு மாட்டினால் இது நடக்காது. புகை போகும் குழாய் செந்தணலாகக் காயும், ஆறும், மறுபடி காயும். வெல்டிங்கில் ஒரு மயிரிழைக் குறை இருந்தாலும் அங்கே விரிசல் விடும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதற்கு எண்ணெய் இடைவிடாமல் வரவேண்டும், வந்த எண்ணெய் தேங்காமல் திரும்பவேண்டும். டர்போ தாழ்வான இடத்தில் இருந்தால், எண்ணெயை மேலே இழுக்கத் தனிப் பம்பு வேண்டும். அமுக்கம் அளவு மீறினால் உபரிப் புகையைத் திருப்பிவிட ஒரு கதவு வேண்டும். என்ஜின் வலுத்தால் கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் தொட்டாக வேண்டும். ரூஃப் பட்டறையில் உடலையும் விடவில்லை. கதவுகளை அலுமினியத்தில் செய்தார்கள். கூரையோரத்து மழைநீர்க் காலைக் கூடக் காற்று தடுக்கும் என்று வழித்தெடுத்தார்கள். மொத்த எடை சுமார் 1150 கிலோ.

அந்த வருடம் 'ரோடு அண்டு ட்ராக்' என்ற அமெரிக்கப் பத்திரிகை, உலகின் வேகமான கார்களை ஜெர்மனியின் எரா-லெஸ்ஸியன் சோதனைப் பாதையில் ஓடவிட்டுப் பார்த்தது. ஓட்டியவர்களில் உலக சாம்பியனாக இருந்த ஃபில் ஹில்லும், லே மான் பந்தயத்தில் வென்ற பால் ஃப்ரேரும் இருந்தார்கள். ஃபெராரி, லம்போர்கினி, போர்ஷேயின் சொந்தத் தயாரிப்பான 959 என்று பெரிய வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தன. முதலில் வந்தது சிற்றூர்ப் பட்டறையின் மஞ்சள் கார்: மணிக்கு சுமார் 339 கிலோமீட்டர். நிறத்தைப் பார்த்துப் பத்திரிகைக்காரர்கள் வைத்த 'யெல்லோபேர்டு' என்ற செல்லப்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. போர்ஷேயிடமிருந்து வெறும் கூடாக வாங்கி முழுதாகக் கட்டியவை 29தான். வாடிக்கையாளர்கள் கொண்டுவந்த கார்களிலும் சிலவற்றை மாற்றித் தந்தார்கள்.

இதை வேகத்தின் கதையாக மட்டும் படித்துவிடாதீர்கள். நம் சாலையில் யாரும் 339இல் போகவும் வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு. பழுதுபார்ப்பவனுக்குத் தெரியும் ஒரு விஷயம், செய்தவனுக்கு எப்போதும் தெரிவதில்லை: எது உடைகிறது, எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது. ரூஃப் குடும்பம் பல வருடம் உடைந்த வண்டிகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவுதான் அந்த மஞ்சள் கார். ஆனால் அந்த அறிவு கைப்பழக்கத்தோடு நின்றுவிடவில்லை. அளந்தார்கள், குறித்து வைத்தார்கள், சோதித்தார்கள், அரசு முத்திரை வாங்கினார்கள். 'கண்ணால பாத்தாலே தெரியும்' என்பது பாதி அறிவு. மீதிப் பாதி நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை பட்டறைக்குப் போகிறேன் என்றால் கையில் கிரீஸ் ஒட்டுமே என்று கவலைப்படாதீர்கள். அது சோப்புப் போட்டால் போய்விடும். அவன் அளக்கிறானா, எழுதி வைக்கிறானா என்று மட்டும் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் லேத், வெல்டிங், மோட்டார் ரீவைண்டிங் என்று நாற்பது ஐம்பது வருடம் உழைத்த பெரியவர்கள் இருப்பார்கள். கிடைக்காத உதிரிபாகத்தைத் தாங்களே கடைந்து கொடுத்திருப்பார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, பெயர், வருடம், செய்த வேலை மூன்றையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். கல்வெட்டு இல்லாதவர்களுக்கு நாம்தான் கல்வெட்டு.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்