துகளின் மேல் விழும் பழி

பிரான்சின் கிரெனோபிள் நகரில், லாவே–லாஞ்செவான் ஆய்வு நிலையத்தின் அணு உலையில் ஒரு யுரேனியம் அணு பிளக்கிறது. ஒரு நியூட்ரான் பிறக்கிறது. பிறக்கும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 20,000 கிலோமீட்டர். கனநீரில் மோதி மோதி வேகம் தணிந்து, மைனஸ் 248 டிகிரியில் இருக்கும் திரவ டியூட்டீரியத்துக்குள் நுழைந்து மேலும் மட்டுப்படுகிறது. வெளியே வரும்போது வேகம் நொடிக்கு 660 மீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கிறது, அலைநீளம் 0.6 நானோமீட்டர்.

அடுத்து, நியூட்ரான்கள் மாதிரியில் பட்டுச் சிதறுவதை அளக்க 1972 முதல் இயங்கிவரும் டி11 கருவியின் வாசலில் சுழலும் உருளை ஒன்று நிற்கிறது. அதன் திருகு வடிவத் தகடுகளுக்கு இடையே சரியான வேகத்தில் வருபவை மட்டுமே தப்பிக்கும். மற்றவை தகட்டில் மோதி உறிஞ்சப்பட்டுவிடும். அந்தச் சல்லடையும் முழுமையானதல்ல. பத்து சதவீதம் வரை வித்தியாசத்தை அது அனுமதிக்கிறது. கண்டிப்பு கூடினால் நியூட்ரான்கள் குறைந்துபோகும், எண்ணிக்கை தேறாது. கற்றையைக் குறுக்கும் துளைகளுக்கும் இதே கதைதான்: மிகவும் சிறிதாக்கினால் நியூட்ரான்கள் தேறாது. வழியில் புவியீர்ப்பும் சும்மா இருப்பதில்லை: 20 மீட்டர் போவதற்குள் நாலரை மில்லிமீட்டர் கீழே இறக்கிவிடுகிறது, மெதுவானவற்றை இன்னும் அதிகமாக.

இனி மாதிரி. தண்ணீரில் மிதக்கும் சிலிக்கா உருண்டைகள், ஆரம் 50 நானோமீட்டர் என்று கொள்வோம். எல்லாம் ஒரே அளவென்றால், ஏறத்தாழ அரை டிகிரிக் கோணத்தில் சிதறல் அடியோடு இல்லாமல் போக வேண்டும். இயற்பியலாளர் ராலே 1911-இல் கோளத்துக்குக் கண்ட கணக்கு அது. எட்டு மீட்டர் தள்ளியிருக்கும் உணரியில், அந்த இருண்ட வளையம் மையத்திலிருந்து 7 சென்டிமீட்டரில் விழும். ஆனால் அலைநீளத்தின் பத்து சதவீதப் பரவல் மட்டுமே அதை 7 மில்லிமீட்டர் அகலத்துக்கு இழுத்துவிடுகிறது. துளைகளின் அகலமும் உணரிக் கட்டங்களின் அளவும் தம் பங்குக்குச் சேர்கின்றன. இருள் நிரம்பி, சிதறல் வளைவில் இருக்க வேண்டிய பள்ளம் தூர்ந்துபோகிறது.

ஆபத்து இங்கேதான். துகள்கள் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருந்தாலும் பள்ளம் இப்படித்தான் நிரம்பும். கருவி ஏற்படுத்தும் இந்த மங்கலைக் கணக்கில் கொள்ளாதவர், சீரான துகள்களைச் சீரற்றவை என்று எழுதிவிடுவார்.

அளந்த வளைவிலிருந்து மங்கலைத் துடைத்தெடுக்க முயன்றால், எண்ணிக்கையில் இருக்கும் சிறு தடுமாற்றங்கள் பூதாகரமாகிவிடும். அதனால் எதிர்த்திசையில் போகிறார்கள்: கோட்பாட்டு வளைவையே கருவியைப் போல மங்கலாக்கி, அதை அளவீட்டோடு ஒப்பிடுகிறார்கள். டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தில் பெடர்சன், போசெல்ட், மார்ட்டன்சன் மூவரும் 1990-இல் இதற்கு வழி வகுத்தார்கள். அலைநீளம், துளைகள், உணரி ஆகிய ஒவ்வொன்றின் பங்கையும் மணி வடிவப் பரவலாகக் கொண்டு, அகலங்களின் வர்க்கங்களைக் கூட்டினார்கள். இன்று சாஸ்வியூ போன்ற மென்பொருள்கள் இதை நொடியில் செய்கின்றன.

ஆனால் மென்பொருளுக்கு அந்த அகலத்தை நாம்தான் தர வேண்டும். ஆகவே சிதறல் வளைவை வெளியிடும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு புள்ளியோடும் அதன் மங்கல் அகலத்தையும் சேர்த்தே வெளியிட வேண்டும். அது இல்லாத வளைவை நம்பித் துகளின் சீர்மை பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.