அன்னபூரணி (பாய்க்கப்பல்)

அன்னபூரணி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா சென்றடைந்த பாய்க்கப்பல். 1930 அளவில் கடலில் இறங்கியது. வேப்பமரத்தில் கட்டிய, இரு பாய்மரக் கப்பல். நீளம் 89 அடி, அகலம் 19 அடி.

வல்வெட்டித்துறையார் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டியவர்கள், ஓட்டியவர்கள். மரவேலைக்கு மேத்திரி, கடலில் கப்பலைச் செலுத்தத் தண்டையல் என்று பொறுப்புகள் வகுபட்டிருந்தன. நாகப்பட்டினமும் கொச்சியும் அவர்களுக்குப் பழகிய துறைகள். ரங்கூனிலிருந்து அரிசியும் தேக்கும் ஏற்றிவருவது பெருவணிகம். வேம்பின் கசப்பு மரம் துளைக்கும் புழுவை அண்டவிடாது என்பதால் அதை விரும்பித் தேர்ந்தார்கள். அந்த அனுபவ அறிவின் உச்சம் என்றே அன்னபூரணியைச் சொல்ல வேண்டும்.

அதை விலைக்கு வாங்கியவர் அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்னும் 32 அடிச் சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்தவர் அவர். எந்தக் கலம் பெருங்கடலைத் தாங்கும் என்பதைப் பட்டறிவால் உணர்ந்த ஒருவர் வல்வெட்டித்துறைக் கப்பலைத் தேர்ந்தது, மேத்திரிமாரின் கைத்திறனுக்குக் கிடைத்த நேர்மையான சான்று. தம் மனைவி புளோரன்ஸ் கிரேனின் பெயரால் அதற்கு 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார்.

1937இல் தொடங்கிய பயணம் செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக நீண்டது. கப்பலைச் செலுத்தியவர்களில் வல்வெட்டித்துறைத் தமிழர்கள் இருந்தார்கள். 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறையை அடைந்தது. பாய்க்கப்பல் மீன்பிடிக்குப் பேர்பெற்ற அந்த ஊர் மக்களுக்கே இக்கப்பலின் வரவு வியப்பாக இருந்தது. பாஸ்டன் செய்தித்தாள்கள் அதை எழுதின. எனினும் வெளியுலகக் கடற்பயண வரலாற்றில் ராபின்சனின் பெயர் நிலைத்த அளவுக்குக் கப்பலைக் கட்டியவர்களின் பெயர் நிலைக்கவில்லை. இந்தக் குறை இன்றும் நீங்கவில்லை.

வல்வெட்டித்துறையின் கப்பல் தொழில் அப்போதே தளரத் தொடங்கியிருந்தது. நீராவிக் கப்பலும், காங்கேசன்துறைக்கு வந்த ரயிலும் சரக்கைப் பங்கிட்டுக்கொண்டன. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் ரங்கூன் அரிசி வணிகம் நின்றது.