பழைய நெகிழ்வட்டும் புதிய கணினியும்

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்று குண்டனி நாடு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாம் அங்குச் சென்றது வல்வில் ஓரியையோ கொல்லிப் பாவையையோ தேடியன்று. ஒரு நெகிழ்வட்டைத் தேடி. நண்பர் ஒருவர் மாணவராயிருந்த 1990களின் தொடக்கத்தில், மலைவாழ் முதியோரிடம் கேட்டுத் தட்டெழுதிய பாடல்கள் அதில் இருந்தன. கைப்பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. பாடியவர்களும் இன்றில்லை.

வட்டிலிருந்த கோப்புகளைப் படியெடுக்க முடிந்தது. திறந்து பார்த்தால் பொருளற்ற குறிகள். அவற்றை எழுதப் பயன்பட்ட தமிழ் மென்பொருளும் அதே வட்டில் இருந்தது. ஆனால் அது டாஸ் காலத்தது. நம் 64 பிட் விண்டோஸ் கணினி அதை இயக்க மறுத்தது.

ஒரு கணினிக்கென எழுதியதை மற்றொன்றில் இயக்குவது எவ்வாறு? இக்கேள்வி கணினித்துறைக்குப் புதிதன்று. 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது, 1959 முதல் விற்பனையில் இருந்த 1401 கணினிக்கு நிரல் எழுதி வைத்திருந்தோர் தம் உழைப்பைக் கைவிட விரும்பவில்லை. எனவே பழைய பொறியின் கட்டளைகளைப் புரிந்துகொண்டு அதுபோலவே நடக்கும் ஏற்பாடு புதிய பொறிக்குள் அமைக்கப்பட்டது. அதுவே எமுலேட்டர்.

மற்றொரு வழி, நிரலையே மாற்றி எழுதுவது. நம் நாட்டின் மென்பொருள் ஏற்றுமதி அவ்வழியில்தான் தொடங்கியது என்பதை வாசகர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 1974இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ், பரோஸ் நிறுவனத்தின் ஒருவகைக் கணினிக்கு கோபால் மொழியில் எழுதப்பட்ட மருத்துவமனை நிரல்களை, அதே நிறுவனத்தின் வேறுவகைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தது. அப்பணி நடந்ததோ பம்பாயில் இருந்த ஐ.சி.எல். 1903 கணினியில்!

இனி நம் நெகிழ்வட்டுக்கு வருவோம். 2002இல் வெளிவரத் தொடங்கிய டாஸ்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருள், பழைய கணினியின் செயலியையும் திரையையும் விசைப்பலகையையும் போலச் செய்து காட்டுவது. (1993இல் தொடங்கிய வைன் வேறுவகை. அது பொறியைப் போலச் செய்வதில்லை; விண்டோஸிடம் நிரல் கேட்பவற்றை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது.) டாஸ்பாக்ஸில் இயக்கியதும் பழைய மென்பொருள் கண்விழித்தது. பாடல்கள் தமிழில் தெரிந்தன. நண்பர் நெடுநேரம் பேசவில்லை.

ஆயினும் வேலை முடியவில்லை. முரசு 1985இல் மலேசியாவில் தோன்றிய காலந்தொட்டு நெடுநாள், தமிழ் மென்பொருள்கள் பல தத்தமக்கெனக் குறியேற்றம் வைத்திருந்தன. ஒன்றின் ‘அ’ மற்றொன்றில் வேறெழுத்து. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டில் டாம், டாப் தரங்கள் உருவாயின, டிஸ்கியும் வழங்கியது, பின்னரே ஒருங்குறி பரவியது. நம் பாடல்களோ இவை எவற்றிலும் இல்லை. திரையில் படிக்கலாம், வெளியே எடுத்துவர இயலாது.

அப்போதுதான் ஒரு வழி தோன்றியது. டாஸ்பாக்ஸுக்குள் அதே மென்பொருளில் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் வரிசையாகத் தட்டெழுதிச் சேமித்தோம். அக்கோப்பைப் பிரித்துப் பார்த்து எந்த எண் எந்த எழுத்து என்று அட்டவணை அமைத்தோம். பிறகு பாடல்கள் அனைத்தும் ஒருங்குறிக்கு மாறின.

புள்ளியிடாத ஓலையைப் படிக்க, அவ்வழக்கம் அறிந்தவர் ஒருவர் வேண்டும். அவர் படித்துச் சொன்னால்தான் அச்சேற்ற முடியும். இங்கே அப்பழைய மென்பொருளே ஓலை படிக்கத் தெரிந்த முதியவர். அது மட்டும் வட்டில் இல்லாதிருந்தால், எழுத்துகளை ஊகித்தே பல மாதங்கள் கழிந்திருக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் நெகிழ்வட்டுகள் கிடக்கலாம். அவற்றின் காந்தப்பூச்சு ஆண்டுதோறும் நலிகிறது. இன்றே படியெடுங்கள், கோப்புகளை மட்டுமன்று, அவற்றை எழுதிய மென்பொருளையும் சேர்த்து.