எடைக்கு எடை

சூரனோடு பொருத சினம் தணிந்து முருகன் அமர்ந்த செருத்தணியே திருத்தணி ஆயிற்று என்பார்கள். பாலகன் அசுரனை வென்ற கதையைப் போற்றும் நாம், குத்துச்சண்டையில் மட்டும் பருத்தவனே பெரியவன் என்று எண்ணலாமா?

வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைப் பெருமை பேசினார்கள். மேல்நாட்டாரோ எடை வேற்றுமையை ஒதுக்கித் திறமையை மட்டும் நிறுத்துப் பார்த்தார்கள். எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்ற பிலிப்பைன்ஸ் வீரர் பாக்கியாவோவே முதல்வர் என்போர் உண்டு. என் வாக்கு சுகர் ரே ராபின்ஸனுக்கே.

1952 ஜூனில், நியூயார்க்கில், தம்மைவிட ஏறக்குறைய 16 பவுண்டு கனத்த ஜோயி மாக்ஸிமோடு மோதினார். புள்ளிகளில் முந்தியிருந்தும், புழுக்கத்தில் துவண்டு, 14-ஆம் சுற்றுக்கு எழ முடியாமல் தோற்றார். வெக்கை தாளாமல் நடுவரே இடையில் மாற்றப்பட்டார் என்றால் பாருங்களேன்! அன்று அவரை வீழ்த்தியது எதிரியின் முஷ்டியா? ஏட்டில் அது தோல்வி, தராசில் அல்ல.