வார இதழ் வகுப்பறையாக இருந்த காலம்

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையேனும் வெளியாகியிருக்க வேண்டும் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் நீக்கிவிட்டது. ஆயினும் சென்ற வாரம் சமூகவியல் ஆய்வு மாணவி ஒருவர், கட்டணம் செலுத்தினால் பத்தே நாளில் கட்டுரையை வெளியிடும் இதழொன்றின் விளம்பரத்தைக் காட்டி, “அனுப்பலாமா அண்ணா?” என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்வது எளிது. அப்படியொரு கேள்வி எழும் நிலை எப்படி உருவானது என்று சொல்ல, கொஞ்சம் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருந்தது.

1949இல் சச்சின் சௌதுரி பம்பாயில் ‘எகனாமிக் வீக்லி’யைத் தொடங்கினார். பெயரில் பொருளாதாரம் இருந்தாலும், 1951 முதல் 1954 வரை அதில் தொடர்ந்து வெளிவந்தவை கிராமங்களைப் பற்றிய மானிடவியல் கட்டுரைகள். எழுதியவர்களுள் பலர் அப்போதுதான் களத்திலிருந்து திரும்பியிருந்த இளைஞர்கள். தஞ்சாவூர்க் கிராமமொன்றின் சமூக அமைப்பைப் பற்றி எழுதிய கேத்லீன் கஃப் 1925இல் பிறந்தவர். முப்பது வயதை எட்டாதவர். எம்.என். சீனிவாஸ் தொகுக்க, அக்கட்டுரைகளை மேற்கு வங்க அரசு 1955இல் நூலாக வெளியிட்டது. இன்றும் முதுகலை வகுப்புகளில் ‘இந்தியாவின் கிராமங்கள்’ என்று நாம் படிப்பது அந்த நூலைத்தான்.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று. அந்தக் கட்டுரைகள் நீளத்தில் சிறியவை. கோட்பாட்டு ஆரவாரம் குறைந்தவை. சாதி அறியாத, கிராமம் பார்க்காத வாசகருக்கும் புரியும்படி நிலவுடைமையையும் தெரு அமைப்பையும் சில பக்கங்களில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் எழுதியவருக்கு இருந்தது. களக்குறிப்பைக் கட்டுரையாக்கும் பயிற்சி அங்கேயே நிகழ்ந்தது. பயிலரங்கும் சான்றிதழும் அதற்குத் தேவைப்படவில்லை. 1965இல் அவ்விதழ் நின்று, 1966இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யாகப் புத்துயிர் பெற்றது. 1969 முதல் 2004இல் மறையும் வரை அதன் ஆசிரியராக இருந்த கிருஷ்ணராஜ், பெயர் தெரியாத இளம் ஆய்வாளரின் கட்டுரைக்கும் இடமளித்தவர் என்பது அத்துறையினர் அறிந்ததே. அந்த உலகம் சிறியது, ஆங்கிலம் கைவரப் பெற்றவர்களுக்கே திறந்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நம்மில் பலருடைய பெற்றோர் அக்காலத்தில் அந்த வாசலுக்கே போயிருக்க முடியாது.

வாசலை அகலப்படுத்தும் பொறுப்பை அரசு ஏற்றது 1969இல். வி.கே.ஆர்.வி. ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி இந்திய சமூக அறிவியல் ஆய்வு மன்றம் அமைந்தது. டி.ஆர். காட்கில் தலைவர், ஜே.பி. நாயக் உறுப்பினர் செயலர். திருவனந்தபுரத்தில் கே.என். ராஜும் சென்னையில் மால்கம் ஆதிசேசய்யாவும் தொடங்கிய நிறுவனங்களும், 1973இல் கல்கத்தாவில் எழுந்த மையமும் அம்மன்றத்தின் ஆதரவில் வளர்ந்தன. ஆய்வு உதவித்தொகையும் ஆய்வுநெறிப் பயிலரங்குகளும் மாநிலக் கல்லூரிகள் வரை சென்றன. மாதிரி தேர்வு, புள்ளியியல் மென்பொருள், வினாநிரல் எல்லாம் பத்து நாளில் கற்பிக்கப்படுகின்றன. ஒரு பத்தியை எப்படித் தொடங்குவது, ஆய்விதழ் திருப்பி அனுப்பிய கட்டுரையை எப்படித் திருத்துவது என்பது பெரும்பாலும் பாடத்திட்டத்தில் இல்லை. அதைக் கற்பதற்கு ஓரளவு அவகாசம் தந்தது எம்.ஃபில். பட்டம், கட்டாய வெளியீட்டை நீக்கிய அதே 2022 விதிமுறைகள் எம்.ஃபிலையும் நீக்கிவிட்டன.

இந்த இடைவெளி நிரம்பாத நிலையில்தான் 2009இன் விதி வந்தது: ஆய்வேட்டுக்கு முன் தர ஆய்வுக்குட்பட்ட இதழில் ஒரு கட்டுரை கட்டாயம். அடுத்த ஆண்டே ஆசிரியர்களின் பதவி உயர்வும் வெளியீட்டு மதிப்பெண்ணோடு பிணைக்கப்பட்டது. எழுதப் பழக்காமல் வெளியீட்டைக் கேட்டபோது, அதை விற்கச் சந்தை தயாராயிற்று. 2017இல் மானியக் குழு அங்கீகரித்த இதழ்களின் பட்டியலே முப்பத்தெட்டாயிரத்தைத் தாண்டியது. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்து அதில் சேர்ந்த 1,009 இதழ்களைப் புணே ஆய்வாளர்கள் சோதித்து 2018இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினர். அடிப்படைத் தகுதி பெற்றவை 112 மட்டுமே. முகவரி இல்லாதவை, ஆசிரியர் குழுவின் பெயரே இல்லாதவை, பொய்யான இதழ் எண் கொண்டவை மற்றவை. பிறகு 2019இல் ‘கேர்’ பட்டியல். 2025இல் அதுவும் கைவிடப்பட்டது.

விதி போய்விட்டதே, இனி என்ன அவசரம் என்று கேட்கலாம். உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் தெரிவு செய்ய 2018 விதிமுறைகள் ஒரு கட்டுரைக்கு இரண்டு மதிப்பெண் வைத்தன, பத்து வரை. நெட் உதவித்தொகை பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பயில்பவருக்கு மாதம் 8,000 ரூபாய். அதிலிருந்துதான் அந்தக் கட்டணத்தைச் செலுத்த நினைத்தார் அந்த மாணவி.

அவருடைய இரண்டாம் இயலில் செங்கல் சூளைத் தொழிலாளரின் முன்பணக் கணக்கைப் பற்றி இருபது பக்கம் இருக்கிறது. படித்தேன், நல்ல களப்பணி. அதை மூவாயிரம் சொற்களுக்குச் சுருக்கி வருமாறு கேட்டிருக்கிறேன். விடுதியில் சனிக்கிழமை மாலை நாங்கள் ஐந்து பேர் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்துத் திருத்துகிறோம். அடுத்த வாரம் அவருடைய முறை.